ஒரே ஒரு தடவை தொட்டேன்

நான் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது நாலாயிரத்து முந்நூற்று எண்பது. ஒரு மோட்டார், இரண்டு பல்சக்கரம், ஒரு இரும்புத் தாங்கி. கடைக்காரர் போனில் சொல்லச் சொல்ல ஒரு பையன் காகிதத்தில் எழுதி, கூட்டி, அடியில் இரண்டு கோடு போட்டான். நான் அதை வாங்கி மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். குறையவில்லை.

நடந்தது இதுதான். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் ரோபோ செய்கிற குழு ஒன்று உண்டு. ஏழு பிள்ளைகள். அவர்களுடைய கீழ்த்தள அறையில் தண்ணீர் புகுந்ததால் மாடியில் வேறு அறை கொடுத்தார்கள். சாமான்களை மேலே ஏற்ற வேண்டும், பெற்றோர் யாராவது வந்தால் உதவியாக இருக்கும் என்று மகள் வீட்டில் சொன்னாள்.

"நீ வராட்டியும் பரவால்லப்பா. சும்மா சொல்லி வச்சேன்."

"தூக்குறதுக்குன்னு ஒரு வேலை வந்து, அதுக்கு நான் போகலைன்னா எப்படி?" என்றேன்.

கிடங்கில் இருபத்தெட்டு வருடமாகப் பெட்டி சுமக்கிறவன் நான். பள்ளிக்கூடத்துக்கு வேறு எதற்குக் கூப்பிட்டாலும் கூச்சமாக இருக்கும், கதவு ஓரமாகவே நிற்பேன். இதற்கு மட்டும் மார்பை நிமிர்த்திக்கொண்டு போனேன். சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள்தான்.

அலமாரியைத் தனியாளாக ஏற்றினேன். வேறு இரண்டு அப்பாக்கள் ஒரு மேஜையைப் படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு விழித்தபோது, "கால் பக்கம் மேல போகட்டும் சார், அதுவா திரும்பிக்கும்" என்று வழி சொன்னேன். மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது முதுகுக்கே தெரிந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் கையால் கெட்டேன். எல்லாம் ஏற்றி முடித்து, கடைசியாக மேஜைமேல் ஒரு மெஷின் மிச்சமிருந்தது. நாலு சக்கரம், நடுவில் ஒரு தூண், தூணிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு கம்பி. எந்தப் பொருளைக் கண்டாலும் எங்கே பிடிக்கலாம் என்றுதான் என் கண் முதலில் தேடும். நீட்டிக்கொண்டிருந்ததைப் பிடித்தேன். தூக்கினேன்.

கறக் என்றது.

"அப்பா!" என்று மகள் கத்தினாள். "அது கைப்பிடி இல்லப்பா! அதோட கை!"

கை என் கையில் இருந்தது. மெஷின் மேஜையிலேயே இருந்தது.

போட்டிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் என்று அப்புறம்தான் சொன்னார்கள். சொல்லாமலே அந்த ஏழு முகத்திலும் எழுதியிருந்தது. நான் எழுத்துக் கற்றது நாற்பத்தொன்றாம் வயதில். ஆனால் முகம் படிக்க எனக்கு எந்தக் காலத்திலும் வாத்தியார் தேவைப்படவில்லை.

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார் லிஃப்ட் அக்கா. பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். நாற்பதுக்குப் பக்கத்து வயது, நீலச் சட்டை, சட்டைப்பை நிறைய ஸ்பேனர், கழுத்தில் எப்போதும் ஒரு கறுப்பு மசகுத் தீற்றல். சனிக்கிழமைகளிலும், வேலை சீக்கிரம் முடிகிற சாயங்காலங்களிலும் இந்தக் குழுவோடு இருப்பவர். உள்ளே வந்தவர் என் கையில் இருந்த கையைப் பார்த்தார்.

"யார் மேலயாவது விழுந்துச்சா?"

"இல்லக்கா."

"கால் விரல் எல்லாம் பத்தாவே இருக்கா?"

"இருக்குக்கா."

"அப்ப சரி. என்ன நடந்துச்சு?"

"இவளோட அப்பாதான்க்கா..." என்று ஒரு பையன் ஆரம்பித்தான்.

"யாருன்னு கேக்கலையே. என்ன நடந்துச்சுன்னு கேட்டேன்."

என் மகள்தான் விரலால் தடவிப் பார்த்துச் சொன்னாள். பல்சக்கரம் இரண்டிலுமாக நாலு பல் போய்விட்டது, மோட்டார் தண்டு வளைந்துவிட்டது, தாங்கி பிளந்துவிட்டது. என்னைப் பார்க்காமல் சொன்னாள். அக்கா குனிந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, நகைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவரைப்போலப் பார்த்தார். தொடவே இல்லை.

சுவரில் ஒரு நீளத் தாள் ஒட்டியிருந்தது. மேலே 'உடைச்சவங்க' என்று தலைப்பு. யார் எதை உடைத்தாலும் தன் கைப்பட அதில் எழுத வேண்டும், என்ன உடைந்தது, ஏன் உடைந்தது என்று. அதுதான் அந்த அறையின் வழக்கம். அக்காவின் பெயரில் மட்டும் பதினொரு வரி இருந்தது.

"இவ்வளவு நீங்களா உடைச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"முதல் வருஷம். அப்ப எனக்குக் கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாது அண்ணே," என்று பேனாவை நீட்டினார்.

நான் எழுத நேரம் பிடிக்கும். எழுதி முடிக்கும்வரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 'கையைக் கைப்பிடி என்று நினைத்தேன்' என்று எழுதினேன். அதைப் படித்த ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயில் வைத்திருந்த திருகாணிகள் எல்லாம் தரையில் சிதறின. அவள் எப்போதும் வாயில் நாலைந்து திருகாணி வைத்திருப்பதால் அவளுக்குப் பெயரே திருகாணி.

"காசு நான் கட்டிடுறேன்," என்றேன். சட்டைப்பையில் ஐநூறு இருந்தது. நீட்டினேன். உங்ககிட்டப் போய் வாங்குறதா, போங்கண்ணே என்று சொல்வார் என்றும், அது எனக்குச் சுருக்கென்று தைக்கும் என்றும் எதிர்பார்த்திருந்தேன்.

"குடுங்க," என்று வாங்கிக்கொண்டார். "கடைக்காரர் எனக்குப் பழக்கம். சாமானைக் கொடுத்துடுவாரு, ஒரு மாசம் தவணை கேட்டுக்கிறேன். பாக்கி மூவாயிரத்து எண்ணூத்தி எண்பது. டேய் வக்கீல், ரசீது போடு."

வக்கீல் என்பது ஒல்லியான ஒரு பையன். போட்டி விதிப் புத்தகம் முழுக்க மனப்பாடம். முதலில் கடைக்கணக்கு எழுதியவனும் அவனே. 'ரசீது எண் ஒன்று' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு என்னிடம் நீட்டினான். இத்தனை வருடம் உழைத்ததில் எனக்குக் கூலிச்சீட்டு கிடைத்திருக்கிறது, அபராதச் சீட்டு கிடைத்திருக்கிறது. கடனைக் கட்டும் மனிதன் என்று எழுதி யாரும் கொடுத்ததில்லை. மடித்து உள்பையில் வைத்தேன்.

வீட்டில் மனைவி விடவில்லை. "பத்து மாசம் சுமந்த நானே இப்பல்லாம் அவளைத் தொட்டுப் பேச யோசிக்கிறேன். நீங்க போய் அவ மெஷினைத் தொட்டிருக்கீங்களே!" மகள் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நாலாம் நாள், "உப்பை எடு" என்றாள். அதுவரைக்கும் போதும் என்று உப்பை எடுத்துக் கொடுத்தேன். நான் மனத்தில் ஒன்று முடிவு செய்திருந்தேன். என் கையால் இந்தப் பிள்ளைகள் போட்டிக்குப் போகாமல் நின்றுவிடக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை ஆயிரத்து இருநூறு எடுத்துக்கொண்டு போனேன். போகும் வழியில் பணத்தை மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். புது மோட்டார் வந்து மாட்டியாகிவிட்டது. வக்கீல் ரசீது எண் இரண்டை எழுதிக்கொண்டிருக்க, நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

போட்டி என்னவென்றால், மெஷின் தானாகவே போய்த் தரையில் கிடக்கும் பெட்டிகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் இரண்டு கிலோ. மெஷின் போனது, கையைப் பெட்டிக்கு அடியில் விட்டது, தூக்கியது. பின்சக்கரம் இரண்டும் மேலே எழும்ப, மூக்குக் குப்புற விழுந்தது.

"பின்னாடி எடை கட்டலாம்," என்றாள் திருகாணி.

"மொத்தம் பத்துக் கிலோதான் இருக்கலாம். விதி ஆறு. இப்பவே ஒம்பதே முக்கால்," என்றான் வக்கீல்.

"மெதுவாத் தூக்கச் சொல்லுவோம்," என்றாள் என் மகள். மெதுவாகத் தூக்கியது. மெதுவாக விழுந்தது.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். கை பின்னால் கோத்தபடி சுவரில் சாய்ந்திருந்தவர், "எனக்கும் தெரியலையே," என்றார். வாத்தியார்கள் தெரியாது என்று சொல்லும்போது முகம் ஒரு மாதிரி போகும். இவருக்குக் கண்ணெல்லாம் மின்னியது. யாரோ பரிசு கொடுத்த மாதிரி.

மெஷின் மறுபடி விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. மகள் திரும்பி முறைத்தாள்.

"ஏண்ணே சிரிக்கிறீங்க?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு சிரிப்பா? சொல்லுங்க."

"முதல் நாள் வேலைக்கு வந்த ஆளு மாதிரியே தூக்குது. எங்க கிடங்குல இப்படித்தான், வந்ததும் கையை நீட்டிப் பெட்டியை அள்ளுவானுங்க. மத்தியானம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவானுங்க."

அக்கா சுவரிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப பழைய ஆளு எப்படித் தூக்குவாரு?"

"என்னது, தூக்குறதா? அது கடைசி வேலை. முதல்ல தரையோட தரையா நம்ம காலுகிட்ட இழுத்துக்கணும். வயித்தோட ஒட்டினப்புறம்தான் தூக்கணும்."

"ஏன்?"

"அப்படித்தான்."

"அப்படித்தாங்கிற பதில் இந்த ரூம்ல செல்லாது அண்ணே. வக்கீல்கிட்டக் கேளுங்க."

"செல்லாது அங்கிள்," என்றான் வக்கீல், ரசீதிலிருந்து நிமிராமல்.

ஏன் என்று இருபத்தெட்டு வருடத்தில் என்னை யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. மூலையில் ஒரு வாளியும் துடைப்பக் கம்பும் இருந்தன. வாளியில் பாதி தண்ணீர். கம்பின் நுனியில் வாளியை மாட்டி, மறுமுனையைப் பிடித்துக் கையை நீட்டினேன். கை இறங்கியது. வாளியைக் கம்பிலேயே என் பக்கம் நகர்த்தினேன். நகர நகரக் கை லேசானது. "தண்ணி அதேதான். கொட்டலை," என்றேன். "தூரமா இருந்தா அதுவே ரெண்டாளு கனம் கனக்குது. கிட்ட வந்தா குழந்தை."

"எங்க, நான்," என்று என் மகள் கம்பை வாங்கினாள். நகர்த்திப் பார்த்தாள். அப்புறம் திருகாணி. ஏழு பேரும் தூக்கி முடிப்பதற்குள் தரையெல்லாம் தண்ணீர். ஒரு பிள்ளை அக்காவிடம், "அப்ப பெட்டியைச் சக்கரத்துக்கு மேலேயே கொண்டுவந்துட்டா விழாதுல்லக்கா? சரியா?" என்று கேட்டது.

"என்கிட்ட ஏன் கேக்குற? மெஷினைக் கேளு," என்றார்.

அதற்குப் பிறகு என் பாடு ஒரே கூத்து. "அங்கிள், இன்னொரு தடவை தூக்குங்க." "அங்கிள், முழங்கால்ல நின்னுடுங்க, அளவு எடுக்கணும்." ஒருவன் போனில் படம் பிடித்தான். ஒருத்தி என் இடுப்புக்கும் தரைக்கும் நூல் பிடித்தாள். "அப்பா, வயித்தை எக்காத, எப்பவும் தூக்குற மாதிரி தூக்கு," என்று மகள் அதட்டினாள். எட்டு நாளில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. பெட்டியை அடுக்கின்மேல் எப்படி வைக்கிறேன் என்று கேட்டாள். செய்து காட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. நான் வைப்பதே இல்லை. பெட்டியின் ஒரு விளிம்பை மட்டும் அடுக்கின்மேல் ஏற்றிவிடுகிறேன், பாரம் அடுக்குக்குப் போய்விடுகிறது, மீதியை வயிற்றால் தள்ளிவிடுகிறேன்.

"அப்ப மெஷினுக்கு வயிறு வேணும்," என்றாள் திருகாணி.

உடைந்த மேஜை ஒன்றிலிருந்து இழுப்பறை ஓடுகிற தண்டவாளத்தைக் கழற்றினார்கள். அதுதான் வயிறு. அதை எங்கே மாட்டுவது என்று இரண்டு மணி நேரம் சண்டை. எனக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு அங்குலம் கீழே என்று ஒரு பார்வையில் தெரிகிறது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "எனக்கும் தெரியுது அண்ணே. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன்," என்றார்.

"சொல்லிட்டா என்னம்மா? நேரம் மிச்சம்."

"நான் தொழில் பழகும்போது எதைக் கையில எடுத்தாலும் ஒருத்தர் 'இங்க குடு'ன்னு பிடுங்கிடுவாரு. நல்ல மனசோடதான் பிடுங்குவாங்க. ஸ்பேனர் என் கையில தங்கவே மூணு வருஷம் ஆச்சு. நேரம் மிச்சமாச்சு, சரி. அந்த மூணு வருஷத்தை யாரு திருப்பித் தருவா?"

"இதுக்கு உங்களுக்கு எவ்வளவு கொடுக்குறாங்க?"

"டீ கொடுக்குறாங்க. பிள்ளைங்களே போடுற டீ. அதைக் குடிக்கிறதுக்குத்தான் எனக்குத் தனியாச் சம்பளம் தரணும்."

அப்போது அவர் போன் அடித்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று மூன்று பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "பயப்படாதீங்க சார். காத்து நல்லா வரும். உக்காந்து மூணு பேரும் யாருக்கு யாரு சொந்தம்னு பேசிக்கிட்டே இருங்க, முடியறதுக்குள்ள வந்துடுறேன்," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார். பிள்ளைகள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சண்டையைத் தொடர்ந்தார்கள். அரை மணியில் இரண்டு அங்குலம் கீழே மாட்டினார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை ஆயிரம் கொண்டுபோனேன். அன்றைக்கு மெஷின் நாலு பெட்டி அடுக்கியது. அறையே குதித்தது. கீழ்த்தளத்திலிருந்து காவலாளி ஓடிவந்து, "என்ன இடிஞ்சுது?" என்று கேட்டார். திருகாணி திருகாணிகளைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "அங்கிள் கடனைக் கழிச்சிடலாம். அவரு வந்து எத்தனை மணி நேரம் தூக்கிக் காட்டினாரு!"

எல்லாப் பிள்ளைகளும் ஆமாம் போட்டார்கள். எனக்கு ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வாரம் கிடங்கில் லாரி வரத்து குறைவு. பாக்கி ஆயிரத்து அறுநூற்று எண்பது, நாலு நாள் கூலிக்கு மேல்.

வக்கீல் மட்டும் புத்தகத்தைப் புரட்டினான். "விதி பதினேழு. யார்கிட்ட வேணும்னாலும் கேள்வி கேக்கலாம். ஆனா மெஷின்ல பெரியவங்க கை படக்கூடாது. கூலி கொடுத்து ஆள் வைக்கவும் கூடாது. கடன்ல கழிச்சா அது கூலி. அங்கிள் நாம வச்ச ஆளு ஆயிடுவாரு."

"அதெல்லாம் யாருடா பாக்கப் போறாங்க?" என்றான் ஒருவன்.

அக்காவைப் பார்த்தார்கள். அவரோ, பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். என் மகள்தான் பேசினாள்.

"கழிக்க வேணாம். எங்கப்பா கட்டிடுவாரு."

ரசீது எண் மூன்றை அவளே எழுதினாள். நாலாவது சனிக்கிழமை எண்ணூறுதான் முடிந்தது. பாக்கி எண்ணூற்று எண்பது. போட்டிக்கு முன் முடிக்க நினைத்தேன், முடியவில்லை. மறுநாள் போட்டி.

பெரிய விளையாட்டு அரங்கம். பத்தொன்பது பள்ளிகள். மகள், "அப்பா, வேன்ல இருந்து மெஷினை இறக்கணும்," என்றாள். நான் இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டேன். "சாமான் பெட்டிகளை இறக்கித் தர்றேன். மெஷினை நீங்களே தூக்குங்க." சிரித்தாள். நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். முதலில் வயிற்றோடு ஒட்டவைத்து.

சுற்றிலும் மற்ற மேஜைகளில் பல குழுக்களில் பெரியவர்கள்தான் மெஷினுக்குள் தலையை விட்டிருந்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார்கள். எங்கள் அக்கா வழக்கம்போலச் சும்மா நின்றார். எங்கள் முறை வர இருபது நிமிடம் இருக்கும்போது அவர் போன் அடித்தது. ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் நின்றுவிட்டது.

"அக்கா, நீங்க போயிட்டா...?" என்று திருகாணி இழுத்தாள். வாயில் திருகாணி இல்லாமல் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது.

"போயிட்டா என்ன? நான் இல்லாம இது நடக்காதுன்னா, நாலு வருஷமா நான் என்னத்தைக் கிழிச்சேன்?" என்றார். ஒவ்வொரு தலையிலும் ஒரு தட்டுத் தட்டினார். என் தலையிலும் தட்டப் போய், கையை இழுத்துக்கொண்டு, "பாத்துக்கங்கண்ணே. பாக்க மட்டும்," என்று ஓடினார்.

அவர் போய் ஐந்தாவது நிமிடம் மெஷினின் சங்கிலி கழன்றது. பிள்ளைகள் ஒரு நொடி கல்லாய் நின்றார்கள். எனக்கு உள்ளங்கை அரித்தது. பின்னால் கோத்த விரல்கள் வலிக்கிற அளவுக்கு இறுக்கிக்கொண்டேன். என் மகள் மூச்சை இழுத்து விட்டு, "சரி. என்ன நடந்துச்சு?" என்றாள். அவ்வளவுதான், அறைக்குள் இருப்பதுபோல எல்லோரும் குனிந்துவிட்டார்கள். ஒரு கண்ணி அகன்றிருந்தது. மாற்றினார்கள்.

மெஷின் களத்துக்குப் போனது. முதல் பெட்டியைத் தரையோடு இழுத்தது. வயிற்றோடு சேர்த்தது. தூக்கியது. விளிம்பை வைத்தது, தள்ளியது. இரண்டு. மூன்று. நாலாவதில் ஒரு ஆட்டம் ஆடியது. எங்கள் கிடங்குப் பெரியவர் ஒருவர் கனமான பெட்டியோடு இப்படித்தான் ஒரு கணம் நின்று நிதானிப்பார். ஐந்து. நேரம் முடிந்த மணி அடித்தபோது ஐந்தாவது பெட்டி உட்கார்ந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் புள்ளி போடவில்லை. ஒரு நடுவர் எங்கள் மேஜைக்கு வந்தார். மூக்குக் கண்ணாடி, கையில் பலகை, முகத்தில் சிரிப்பே இல்லை.

"இந்தத் தூக்குற முறை பள்ளிப் பிள்ளைங்க யோசனை மாதிரித் தெரியலையே. யாரு செஞ்சு கொடுத்தது?"

ஒரு தடவை உடைத்தது போதாதென்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இரண்டாம் தடவையும் உடைத்துவிட்டேனோ? அக்கா இல்லை. ஏழு பிள்ளைகளும் நானும்தான்.

"நாங்கதான் செஞ்சோம் சார்," என்றாள் என் மகள். "எப்படித் தூக்குறதுன்னு இவர்கிட்டக் கேட்டோம். எங்கப்பா. கிடங்குல பெட்டி தூக்குறாரு. இருபத்தெட்டு வருஷமா." அதைச் சொல்லும்போது அவள் குரல் அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"இவருக்கு ஏதாவது கொடுத்தீங்களா?"

"கொடுக்கறதா?" என்றான் வக்கீல். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் மாதிரி கோப்பைத் திறந்தான். "அவருதான் சார் எங்களுக்குக் கொடுக்கணும்." நாலு ரசீதின் நகலையும் வரிசையாகப் பரப்பினான். 'உடைச்சவங்க' தாளின் படத்தையும் வைத்தான்.

நடுவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். என்னிடம் திரும்பினார். "நீங்க மெஷினைத் தொட்டீங்களா?"

"தொட்டேன் சார்," என்றேன். "ஒரே ஒரு தடவை. கை கழண்டு கையோட வந்துடுச்சு."

முகம் அப்போதும் அசையவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு திருகாணியிடம், "இந்தக் கையைக் கழட்டி மாட்டு பாப்போம்," என்றார். அவள் நாலு திருகாணியை வாயில் போட்டுக்கொண்டு நாலு நிமிடத்தில் கழற்றி மாட்டினாள். விளிம்பை ஏன் முதலில் வைக்க வேண்டும் என்று இன்னொரு பிள்ளையைக் கேட்டார். அது வாளிக் கதையிலிருந்து ஆரம்பித்து, நிறுத்தவே இல்லை. "போதும்மா, போதும்," என்று அவர்தான் கையெடுத்துக் கும்பிட்டார். போகும்போது, "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்றார்.

"எண்ணூத்தி எண்பது சார்."

"கட்டிடுங்க," என்று பலகையில் புள்ளியைப் போட்டார்.

பத்தொன்பதில் நாலாம் இடம். நாலாம் இடத்துக்குக் கோப்பை கிடையாது. முதல் நாலு குழுவுக்கு அடுத்த சுற்று உண்டு. அக்கா திரும்பி வந்தபோது கழுத்தில் புதுத் தீற்றல், முழங்கையில் சிராய்ப்பு. ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "சங்கிலி கழண்டுச்சா? யாரு மாட்டினது? நீங்களேவா? நடுவர் வந்தாரா? வந்து?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தனை பேர் நடுவில் நின்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மசகு பட்டுடுச்சு," என்றார். யாரும் நம்பவில்லை.

அந்த வாரம் கிடங்குக்கு ஏழு லாரி வந்தது. சனிக்கிழமை எண்ணூற்று எண்பதையும் எண்ணி மேஜையில் வைத்தேன். அக்கா அடுத்த சுற்றின் தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மெஷின் இந்தத் தடவை படியேறணுமாம், பெட்டியோட. நீங்க மாடிக்கு ஃப்ரிட்ஜ் ஏத்தியிருக்கீங்களா?"

"எத்தனாவது மாடிக்குன்னு கேளுங்க."

"ஏன் அப்படி ஏத்துறீங்கன்னுதான் கேக்கப் போறோம்," என்றாள் என் மகள். அவள் வாளியில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

வக்கீல் பணத்தை இரண்டு தரம் எண்ணினான். ரசீது எண் ஐந்து என்று எழுதினான். 'பெற்றது எண்ணூற்று எண்பது. மொத்தம் நாலாயிரத்து முந்நூற்று எண்பது. பாக்கி இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தான். நான் அதை அங்கேயே நின்று, ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுப் படித்தேன்.